ஒன்று புள்ளி எட்டு

தேவகோட்டைக் கூட்டுறவு வங்கியில்
செவ்வாயும் வெள்ளியும் நகை பார்க்கிறேன்.
உரைகல்லில் ஒரு இழுப்பு, மேலே ஒரு சொட்டு அமிலம்.
அரக்குக் கழிவு, கல் கழிவு,
மிச்சத்துக்கு ஒரு தொகை.
நாலு நிமிஷத்துக்கு மேல் எந்த நகையும்
என்னை யோசிக்க விட்டதில்லை.

இடது குதிகாலில் கறுப்பாய் ஒன்று.
தைப்பூசத்துக்குப் பழனி நடந்ததில்
கன்றிப்போன ரத்தம் என்று விட்டுவிட்டேன்.
அடுத்த தைக்கும் இருந்தது.
காலாணி என்று ஆறு மாதம் பிளாஸ்திரி போட்டேன்.
ஓரம் சிதறிற்று,
உரைகல்லே உதிர்ந்து காலில் அப்பிக்கொண்டதுபோல.
செண்பகம்தான் சொன்னாள்,
"செருப்புல ரத்தம் இருக்கு, பாருங்க."

மதுரையில் வெட்டி எடுத்தார்கள்.
ஒன்பது நாள் கழித்து ஒரு தாள்.
மெலனோமா.
வாயில் நுழைந்தது,
தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.
அதற்கும் கீழே எண்கள். அப்பாடா, எண்கள்.
பிரெஸ்லோ தடிமன்
ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
ஒரு கல்யாண மோதிரத்தின் கனம்.

டாக்டர் நூருன்னிசா பேனா முனையால் தொட்டார்.
"அகலத்தைப் பாக்காதீங்க, ஆழம்தான் பேசும்.
ஒரு மில்லிக்குள்ள இருந்தா ஒரு கதை,
நாலைத் தாண்டினா வேற கதை,
நீங்க நடுவுல.
மேல்தோல் உடைஞ்சு புண்ணாகியிருக்கு,
அது கொஞ்சம் கீழ இறக்கும்.
சதுர மில்லிக்கு மூணு செல் பிளவுபடுது,
அதையும் சேத்துக்கணும்.
உள்ளங்கால் வேற. வெயில் படாத இடம்.
நம்ம ஆளுங்களுக்கு அங்கதான் அதிகம் வரும்,
லேட்டாத்தான் கண்ணுல படும்."

கழித்துக்கொண்டே வந்தேன் மனசுக்குள்:
புண்ணுக்கு இவ்வளவு, பிளவுக்கு இவ்வளவு,
ஐம்பத்தெட்டு வயசுக்கு இவ்வளவு,
பிளாஸ்திரி போட்ட ஆறு மாதத்துக்கு
எவ்வளவு கழிப்பது என்று தெரியவில்லை.
"நிகரம் என்ன டாக்டர்?"
அவர் சிரிக்கவில்லை.
"இன்னொண்ணு பாக்கணும். தொடை இடுக்குல முதல் நிணநீர்க் கணு."

தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார்.
எனக்கு அது எங்கள் தெருவாகத் தெரிந்தது:
ஓட்டிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து தூம்பு,
தெருவுக்கடியில் கால்வாய்,
கால்வாய் போய் முதலில் விழும் ஊரணி.
அங்கே அள்ளிப் பார்ப்பார்களாம்.
கலங்காமல் இருந்தால்
அதற்கப்பாலும் பெரும்பாலும் தெளிவுதான்.
பெரும்பாலும்,
என்று அந்தச் சொல்லை மட்டும்
அவர் மெதுவாகச் சொன்னார்.

குதிகாலில் நீலச் சாயம் ஏற்றினார்கள்.
மறுநாள் மூத்திரம் பச்சையாகப் போயிற்று.
அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
பயந்து கத்தியதில் நர்ஸ் ஓடிவந்து சிரித்தாள்.

கட்டோடு நொண்டி வங்கிக்குப் போன வெள்ளியன்று
கண்டனூர்ப் பெண் ஒருத்தி,
பெயர் வள்ளிக்கண்ணு, சங்கிலி கொண்டுவந்தாள்.
இரண்டே முக்கால் பவுன். கொக்கியருகே ஒரு பற்றவைப்பு.
தொகை சொன்னேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.
"திருப்பிருவேன்ல சார்?"

நூறு கடனில் எத்தனை ஏலத்துக்குப் போகும் என்பது
மேலாளர் ஆரோக்கியசாமிக்கு மனப்பாடம்.
எந்தச் சங்கிலி என்று அவருக்கும் தெரியாது.
அன்றைக்குத்தான் புரிந்தது
டாக்டர் கடைசியாகச் சொன்னது:
நூறு பேரை நிறுத்தினால்
அஞ்சு வருஷம் கழித்து நிற்பது எத்தனை பேர் என்பாராம்.
நான் எத்தனையாவது ஆள் என்பது
அந்தத் தாளில் இல்லையாம்.
"சீட்டைப் பத்திரமா வச்சுக்கம்மா" என்றேன் வள்ளிக்கண்ணுவிடம்.
வேறென்ன சொல்வது.

திங்கட்கிழமை போன் வந்தது.
கணுவில் இல்லை.
செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
பால் ஏற்கெனவே பொங்கி வழிந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை.
நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில்
என் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
அவள் என் வலது பாதத்தைப் பார்க்கிறாள்,
விரலிடுக்கு, நகத்தடி, குதி.
கூசுகிறது.
"அசையாதீங்க" என்கிறாள்.
"மதிப்பு எவ்வளவு வரும்?" என்றால்
ஒரு அடி.